வீட்டு மரத்துக் குளவி

என் தம்பி பெண்டாட்டி கயல்விழியைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. அவள் திமிர் பிடித்தவள் என்பது ஒன்று. அவளுக்கு மறை கழன்றுவிட்டது என்பது இன்னொன்று. இரண்டையும் என் காதுபடவே சொன்னவர்கள் இருக்கிறார்கள். சொன்ன கையோடு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் போயிருக்கிறார்கள். நாத்தனார் என்றால் தம்பி பெண்டாட்டியைக் குறை சொல்லியே தீர வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? திட்ட வேண்டுமென்றால் அவளை நானே திட்டிக்கொள்வேன். இந்தப் பொன்னாத்தாளுக்கு வாய் இல்லையா என்ன? அடுத்தவர் வந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் கோயமுத்தூர் சாயிபாபா காலனியில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடு காரமடைக்கு வடக்கே, தோட்டத்துக்குள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கறிவேப்பிலைதான். தம்பி தனபால் மோட்டார் பம்பு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறான். அதனால் தோட்டம் முழுக்கக் கயல்விழி கையில். தண்ணீர் விடுவது, களை எடுப்பது, ஆள் கூப்பிடுவது எல்லாம் அவள்தான்.

கறிவேப்பிலையை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வெட்டுவார்கள். வெட்டிய கொஞ்ச நாளில் புதுக் கொழுந்து தளதளவென்று கிளம்பும். அந்தக் கொழுந்துக்காகவே காத்திருந்தாற்போல ஒரு பொடிப் பூச்சி வந்து உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். படித்தவர்கள் அதைச் சில்லிட் என்கிறார்கள். எங்கள் ஊரில் பேன் என்று சொல்லி முடித்துவிடுவோம். பேன் விழுந்தால் கொழுந்து சுருண்டு கருகிவிடும். வியாபாரி திரும்பியும் பார்க்க மாட்டான். அதனால் கொழுந்து தலைகாட்டியதும் மருந்து அடிப்பார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் பேன் இருக்கும். மறுபடியும் அடிப்பார்கள்.

இதில் வெளியே சொல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கும். வீட்டு மரம் என்பதைத்தான் எங்கள் பேச்சில் 'ஊட்டு மரம்' என்போம். ஊட்டு மரத்துக்கு ஒரு சொட்டு மருந்து கிடையாது. ரசத்துக்கும் சட்னிக்கும் அந்த மரத்தில்தான் ஒடிப்பார்கள். தோட்டத்தில் செடி செடியாக நிற்கிற இலையை யாரும் வீட்டுக்குள் எடுத்துவர மாட்டார்கள். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் வளர்ந்ததும் அப்படி ஒரு மரத்து இலையைத் தின்றுதான்.

போன வருஷம் ஷ்ரவ்யா என்று ஒரு பெண் வந்தாள். கோயமுத்தூரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். டாமரிக்சியா என்று ஒரு குளவிப் பேரினமாம். அந்தக் கூட்டத்தில் எது எது எந்தெந்த ஊரில் இருக்கிறது, எது எந்தப் பேனைப் பிடிக்கிறது என்று தேடிக்கொண்டு, அன்னூர் தொடங்கி கிணத்துக்கடவு வரைக்கும் வெயிலில் அலைந்துகொண்டிருந்தாள். குளவி என்றதும் கொட்டுகிற குளவி என்று நினைத்துவிடாதீர்கள். கடுகில் பாதிகூட இராது. கயல்விழி அவளுக்கு மோர் கொடுத்து, தோட்டத்துக்குள் கூட்டிப் போனாள். வெள்ளை அட்டையை அடியில் பிடித்துக்கொண்டு செடி செடியாகத் தட்டிப் பார்த்தார்கள். பேன் இருந்தது. குளவி ஒன்றுகூட இல்லை. கை கழுவ வாசல் பக்கம் வந்தபோது அந்தப் பெண் ஊட்டு மரத்தையும் சும்மா தட்டிப் பார்த்தாள். அட்டையில் பொடிப்பொடியாகக் குளவிகள் நகர்ந்தன.

"இங்க இருக்குதே! அக்கா, இந்த மரத்துக்கு மட்டும் ஏன் மருந்து அடிக்கறதில்லீங்க?"

சூதுவாது இல்லாமல்தான் கேட்டாள். "எனக்கு மொகத்துல அடிச்சாப்புல இருந்துச்சுங்க நங்கை" என்று கயல்விழி பிற்பாடு என்னிடம் சொன்னாள். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று சாயங்காலம் தனபால் ஷிப்டு முடிந்து வந்தபோது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பள்ளம்தான் இருந்தது. மரத்தை வேரோடு கெல்லி எடுத்திருந்தாள். கிளைகளைக் குளவியோடு சேர்த்துத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் செடிகளின் மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

தம்பி எனக்குப் போன் போட்டுக் கத்தினான். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். போகும்போது அவளைத் திட்டத்தான் போனேன், பொய் சொல்வானேன்.

"ஏங் கண்ணு, உனக்கு என்ன கிறுக்கா? நல்ல மரத்தப் போயி..."

"நாம திங்காதத ஊருக்கு அனுப்பறோமுங்க நங்கை. ஆராச்சும் ஒருத்தர் நிறுத்தோணுமில்லீங்களா? இனி இந்த ஊட்டுல தோட்டத்து எலதான் சோத்துக்கு. மருந்து அடிச்சா நாமளும் அதத்தான் திங்கோணும்."

தனபாலுக்கு முகம் சிவந்துவிட்டது. "பெரிய சட்டம் பேசறா பாருக்கா. சரி, இந்த ஒரு வருசம் உன்ற இஷ்டம். கொழுந்து கருகி வெட்டுக்கு ஆகாமப் போச்சுன்னா, தோட்டத்தக் கதிரேசனுக்குக் குத்தகைக்கு உட்டுப்போடுவேன். அப்பறம் நீ பேச்செடுக்கக் கூடாது."

கதிரேசன் எங்கள் பக்கத்துக் கறிவேப்பிலை வியாபாரி. இலையை அவர் ஆள் வைத்து வெட்டி, லோடு ஏற்றி அனுப்புகிறவர். குத்தகை அவர் கைக்குப் போனால் மருந்தும் அவர் இஷ்டம். கயல்விழி தன் தோட்டத்தைத் தானே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இருந்தும் அவள், "சரிங்க, அப்புடியே ஆகட்டும்" என்றாள். என்னைச் சாட்சிக்கு வேறு வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஊர் வாயைக் கேட்கவா வேண்டும்? "கயலு பேன் வளத்தறாளாமா?" என்றார்கள். "குளவி பண்ண வெச்சிருக்கறாளாமா, முட்ட கெடைக்குமா?" என்றார்கள். அவள் அசரவில்லை. கேட்டவர்களை நிறுத்தி வைத்து விளக்கினாள். அந்தக் குளவி பேன் குஞ்சின் அடிவயிற்றில் ஒரே ஒரு முட்டை இடும். முட்டையிலிருந்து வருகிற புழு பேனை அப்படியே உறிஞ்சிவிடும். பேன் பழுப்பாகி, கொழுந்தோடு ஒட்டிக் காய்ந்துபோகும். அதன் முதுகில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். டாமரிக்சியாவில் பல வகை இருந்தாலும் ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள பேனைத்தான் தொடும். மாவுப்பூச்சி மேல் கொண்டுபோய் விட்டால் பட்டினி கிடந்து சாகும். அதனால் பேனை அடியோடு ஒழித்துவிட்டால் குளவியும் போய்விடும். கொஞ்சம் பேன் இருந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் ஊரால் தாங்க முடியவில்லை. பேன் இருக்கட்டும் என்று ஒரு விவசாயி சொல்லலாமா?

ஆனால் இலை வந்தது. முதல் வெட்டு சுமாராக வந்தது, அடுத்தது நன்றாகவே வந்தது. தம்பி வாயை மூடிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து என் மகள் ரித்திகாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கிணத்துக்கடவில் மண்டபம். தனபால் தாய்மாமன், அவன் இல்லாமல் சீர் எப்படி நடக்கும்? புருஷனும் பெண்டாட்டியும் வந்துதான் ஆக வேண்டும். தோட்டத்தையும் மாட்டையும் பக்கத்துத் தோட்டத்துத் திருமலைசாமியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள்.

திருமலைசாமி தங்கமான மனுஷர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்களுக்காகக் கல்யாணத்துக்கே வராமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். கல்யாணம் முடிந்து, மாமன் வீட்டு விருந்துக்குப் பெண் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு எல்லாருமாகக் காரில் போய் இறங்கினோம். கதவைத் திறந்ததும் மருந்து நாற்றம் குப்பென்று அடித்தது. கயல்விழி பட்டுப் புடவையோடு தோட்டத்துக்குள் ஓடினாள்.

திருமலைசாமி சிரித்த முகத்தோடு எதிரே வந்தார். "வாங்க வாங்க, கல்யாணமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? எனக்குப் புது ஸ்பிரேயரு வந்துதுங்க. நீங்க ஊட்டுல இல்ல, கொழுந்து வேற வெடிச்சு நிக்குது, பாவமேன்னு உங்குளுக்கும் ஒட்டுக்கா அடிச்சுப்போட்டனுங்க. ஒரு மூலகூட உடல."

அடப்பாவி மனுஷா என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. புது மாப்பிள்ளை நிற்கிறாரே என்று விழுங்கிக்கொண்டேன். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆள் இல்லாத வீட்டு வேலையைச் சொல்லாமலே செய்துவைப்பது எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதை. அப்படிப்பட்டவரைத் திட்ட முடியுமா? கயல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காரிலிருந்து கல்யாணப் பலகாரப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மாட்டப் பாத்துக்கிட்டதுக்கு ரொம்பப் புண்ணியமுங்கண்ணா. மருந்தடிச்சதுக்கு அந்தப் புண்ணியத்தச் சொல்ல மாட்டனுங்க. என்ற தோட்டத்துக்குள்ள இனி அந்த ஸ்பிரேயரு ட்யூப் வரக் கூடாதுங்க."

'ங்க' போட்டுத்தான் சொன்னாள். ஆனாலும் திருமலைசாமி முகம் சுண்டிப்போய்விட்டது. விருந்தில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பேன் வந்து இறங்கியது. குளவி வரவில்லை, அக்கம் பக்கத்தில் இருந்தால்தானே வரும்? கொழுந்து நுனி சுருள ஆரம்பித்தது. தனபால் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "கதிரேசங்கிட்டப் பேசட்டுமா?" என்று மட்டும் கேட்டான். அவள் ஷ்ரவ்யாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் அழாத குறை. "தோட்டம் எதுலயும் எனக்குக் கெடைக்கலீங்கக்கா. மருந்து விழாத எடத்துலதான் இருக்கும். அந்த மாதிரி எடம் உங்க ஊருல எது?"

எது என்று கயல்விழிக்கு நன்றாகத் தெரியும். அவள் பிடுங்கிப் போட்டது ஒரு மரத்தைத்தான். மற்ற எல்லார் வீட்டிலும் அது நின்றுகொண்டிருந்தது.

எனக்குப் போன் வந்தது. "நங்கை, எங்கூட வாறீங்களா? தனியாப் போனா வாசல்லயே அனுப்பிப்போடுவாங்க."

வராமல் இருப்பேனா? முதல் வேலையாக எங்கள் காலனியில் வீடு வீடாகப் பின்பக்கம் நுழைந்து, மருந்து படாத கறிவேப்பிலை மரங்களில் பேன் காய்ந்து ஒட்டியிருக்கிற நுனியாகப் பார்த்து ஒடித்து, இரண்டு பை நிறைய எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மா, காரமடைக்கே கறிவேப்பல கொண்டு போறீங்களா?" என்றார். "ஆமா, அங்க பஞ்சம்" என்றேன்.

அந்த இரண்டு பை அத்தனை பெரிய தோட்டத்துக்கு எந்த மூலைக்கு? ஊருக்குள் கிளம்பினோம். முதல் வீட்டில் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு இலையைக் கையில் திணித்தார்கள். கறிவேப்பிலைக்காரி கறிவேப்பிலை கேட்டு வந்திருக்கிறாள் என்று அவர்களுக்குத் தாங்க முடியாத வேடிக்கை. "எல வேண்டாமுங்க, பேன் புடிச்ச நுனிதான் வேணும். ஊட்டு மரத்துல மருந்து அடிக்க மாட்டீங்கல்லங்க, அதனால அதுல குளவி இருக்கும்" என்று அவள் விவரமாகச் சொன்னதும் சிரிப்பு நின்றுபோய்விட்டது. ஊட்டு மரத்துக்கு ஏன் மருந்து இல்லை என்பதை நடு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒரு வீட்டில் முறைத்துக்கொண்டே ஒடித்துக் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில், "எங்க மரத்துக்கும் மருந்து அடிக்கறோம்" என்று வாய் கூசாமல் சொன்னார்கள். ஒரு வீட்டுக்காரர் கேட்டைச் சாத்தினார்.

"போதும் கண்ணு, மானம் போகுது" என்றேன்.

"போறது என்ற மானமில்லீங்க நங்கை" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று திருமலைசாமி வீட்டுக்குள் நுழைந்தாள்.

ஊரிலேயே பெரிய ஊட்டு மரம் அவர்கள் வீட்டு மரம்தான். கிணற்றடியில் கூரை உயரத்துக்கு நிற்கும். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுப்பாத்தாள் துவைத்துக்கொண்டிருந்தாள். கயல்விழி கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, நான் உனக்கு நல்லதுதான செஞ்சேன்? ஊரெல்லாம் போயி என்னயக் குத்தவாளியாட்டப் பேசறயாமா?"

"நல்லதுதானுங்கண்ணா செஞ்சீங்க. நான் இல்லைங்கல. அதே நல்லத இந்த மரத்துக்கும் செய்யுங்களேன். ஸ்பிரேயரு அங்கதான நிக்குது? நான் வேணா ட்யூபப் புடிச்சுக்கறன்."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அந்த வீட்டில் பேரப் பிள்ளைகள் இரண்டு பேர் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுப்பாத்தாள் துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு வந்தாள். கொக்கியை எடுத்து மரத்தின் மேல் கிளைகளை இழுத்து இழுத்து ஒடித்தாள். "எடுத்துட்டுப் போ கயலு. எத்தன வேணுமோ எடுத்துக்க. என்ற கையாலதான் இத்தன வருசமா இதத் தனியா ஒடிச்சு ஆக்கிப் போடறேன். எனக்குத் தெரியாதா?" என்றாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கயல்விழி காகித டம்ளர்களில் ஓட்டை போட்டு, நுனிகளை உள்ளே வைத்து, தோட்டம் முழுக்கச் செடிகளில் கட்டித் தொங்கவிட்டாள். பேன் விடுகிற இனிப்புக்காக எறும்பு காவலுக்கு வரும், குளவியை விரட்டும். அதனால் நூலுக்கெல்லாம் கிரீஸ் தடவினாள். தம்பி ஷிப்டு முடிந்து வந்து வரப்பில் நிற்பான், பார்ப்பான், போவான். பேன் குறைகிற வழியைக் காணோம். கொழுந்து சுருண்டுகொண்டே வந்தது. எனக்கே பயம் வந்துவிட்டது. போனில், "கண்ணு, ஒரே ஒரு தடவ லேசா அடிச்சுப்போடு, நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினேன். அவள் போனை வைத்துவிட்டாள். என்னிடம் அப்படி அவள் செய்ததே இல்லை.

ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். "ஓட்ட உழுந்திருக்குதுங்க நங்கை. பேன் முதுகுல. வட்டமா. கெழக்க பூராவும்."

வெட்டுக்கு நாள் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். இருக்காமல் முடியுமா, சாட்சி ஆயிற்றே. கதிரேசன் பைக்கில் வந்து இறங்கினார். திருமலைசாமி வேலியை ஒட்டின சாலுகளில் செடி வரிசை வரிசையாகக் கருகிப் போய்விட்டது. அவர் தன் தோட்டத்துக்கு அடித்த மருந்து காற்றில் இந்தப் பக்கமும் விழுந்து, அங்கே குளவி நிற்கவில்லை. அதை மறைக்காமல் கயல்விழி முதலில் அங்கேதான் அவரைக் கூட்டிப் போனாள். அப்புறம் மற்ற இடம். அவர் கொழுந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, பேன் இருக்குதுங்களே."

"இருக்குமுங்க. இருக்கோணும்."

தனபால் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கதிரேசன் இன்னும் நாலு சால் உள்ளே நடந்தார். இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? ஒரு பேன் பூச்சிக் குளவிக்காக!

"வேலியோரம் வேண்டாமுங்க. மத்ததப் பூராவும் வெட்டிக்கறேன். நாளைக்குக் காலைல ஆளு வரும்" என்றார்.

தனபால் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். "குத்தகைக்கு உடறீங்கன்னு கேள்விப்பட்டனே தனபாலு?" என்று அவர் கேட்டதற்கு, "தோட்டம் அவளுதுங்க. அவகிட்டக் கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். என் தம்பியா இது என்று பார்த்தேன்.

கதிரேசன் பைக் வரைக்கும் போய்விட்டார். சாவியைப் போட்டவர், என்னவோ தோன்றி இறங்கித் திரும்பி வந்தார். இந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் நடந்து லோடு லோடாக இலை அனுப்புகிற மனுஷர், எங்களைப் பார்க்காமல் செடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அம்மணி, ஊட்டுக்கு ஒரு கை ஒடிச்சுக்கட்டுங்களா? எங்கூட்டுல கொழந்தைக இருக்குது."

கயல்விழி கையைத் தோட்டம் முழுக்க வீசிக் காட்டினாள்.

"எங்க வேணா ஒடிச்சுக்குங்க. இங்க ஊட்டுக்குன்னு தனியா எதும் இல்லீங்க."